வேர்டு கோப்புக்குள் நம் விவரங்களை எக்ஸ்எம்எல்லாக வைத்து நிரல் வழியாகக் கையாள்வது எப்படி?

கேட்டவரின் நிலைமையை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் வீட்டு வாடகை ஒப்பந்தம் தயாரிக்கிறார்கள். வேர்டில் ஒரு மாதிரிக் கோப்பு, அதில் ##வாடகைதாரர்## மாதிரி குறிகள், அவற்றைத் தேடிப் பெயரைப் போட ஒரு நிரல். சில இடங்களில் நிரல் குறியை மாற்றாமலே விட்டுவிடுகிறது. மாற்றி முடித்த பிறகு கட்சிக்காரர் வந்து வாடகையைக் குறைத்தால் முதல் பக்கத்தில் திருத்துகிறார்கள், மூன்றாம் பக்கத்தில் பழைய தொகையே நிற்கிறது. போன வருடம் போட்ட ஒப்பந்தங்களிலிருந்து வாடகை, முன்பணம், முடியும் தேதி மூன்றையும் எக்செலுக்கு எடுக்கவும் வழி தெரியவில்லை. கஸ்டம் எக்ஸ்எம்எல் என்று ஒன்று உதவும் என்று கேள்விப்பட்டிருக்கிறார் (எக்ஸ்எம்எல் என்பது ஒவ்வொரு விவரத்தையும் அதன் பெயர் சொல்லும் குறிகளுக்கு நடுவே எழுதிவைக்கும் வடிவம்). ஆனால் அதை மைக்ரோசாஃப்ட் 2010லேயே நீக்கிவிட்டது என்று யாரோ சொல்லிவிட்டார்களாம்.

நீக்கவில்லை. இந்தக் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம், ஏனென்றால் இதை நம்பி நல்ல வழியைக் கைவிட்டவர்கள் நிறைய.

கஸ்டம் எக்ஸ்எம்எல் என்ற ஒரே பெயரில் வேர்டில் இரண்டு வசதிகள் இருந்தன. ஒன்று, எழுத்தின் நடுவிலேயே நம் சொந்தக் குறிகளைச் செருகுவது. வேர்டு 2003இல் இளஞ்சிவப்பு நிற அடைப்புகளாகத் தெரியுமே, அது. இதன் மேல்தான் கனடாவின் டொரன்டோவைச் சேர்ந்த ஐ4ஐ நிறுவனம் 2007இல் காப்புரிமை வழக்குப் போட்டது. 2009 மே மாதம் டெக்சாஸில் நடுவர் குழு 20 கோடி டாலர் இழப்பீடு என்றது. டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்றது. அதனால் 2010 ஜனவரி 11 முதல் அமெரிக்காவில் விற்கும் வேர்டில் அந்தக் குறிகள் இருக்கக் கூடாது என்றாயிற்று. 2011 ஜூனில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பை உறுதி செய்தது. அந்த 2010 தடைக்குப் பிறகு வந்த வேர்டு அந்த இளஞ்சிவப்புக் குறிகளைக் கோப்பைத் திறக்கும்போதே கழற்றிவிடுகிறது.

இன்னொன்று, கோப்பின் எழுத்தோடு கலக்காமல் தனியாக ஒரு எக்ஸ்எம்எல் கோப்பையே உள்ளே வைப்பது. இதற்குத்தான் கஸ்டம் எக்ஸ்எம்எல் பார்ட் என்று பெயர். 2007இல் வந்தது. வழக்கு இதைத் தொடவில்லை, இன்றைய வேர்டிலும் முழுதாக இருக்கிறது. உங்களுக்கு வேண்டியது இதுதான்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். ஏதாவது ஒரு டாக்எக்ஸ் கோப்பை (வேர்டு இன்று சேமிக்கும் வடிவம்) நகல் எடுத்து, பெயரின் கடைசியில் இருக்கும் டாக்எக்ஸ் என்பதை ஜிப் என்று மாற்றித் திறங்கள். வேர்டு என்ற கோப்புறைக்குள் டாக்குமென்ட் என்ற எக்ஸ்எம்எல் இருக்கும், நாம் திரையில் பார்க்கும் எழுத்தெல்லாம் அங்கேதான். அதற்குப் பக்கத்தில் பல கோப்புகளில் கஸ்டம்எக்ஸ்எம்எல் என்று இன்னொரு கோப்புறையும் இருக்கும். உள்ளே ஐட்டம்1, ஐட்டம்2 என்று கோப்புகள், ஒவ்வொன்றுக்கும் துணையாக ஒரு ப்ராப்ஸ் கோப்பு. துணைக் கோப்பில் அந்தப் பார்ட்டின் அடையாள எண் இருக்கும். ஐட்டம் கோப்பில் நாம் என்ன எக்ஸ்எம்எல் வைத்தாலும் வேர்டு பத்திரமாகச் சுமக்கும், சேமிக்கும், திரும்பத் தரும்.

நீங்கள் வைக்க வேண்டியது இவ்வளவுதான்:

<ஒப்பந்தம்>
<வாடகைதாரர்>…</வாடகைதாரர்>
<வாடகை>12000</வாடகை>
<முன்பணம்>60000</முன்பணம்>
<முடிவு>2025-11-30</முடிவு>
</ஒப்பந்தம்>

எக்ஸ்எம்எல்லில் குறிப்பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம், விதி தடுக்கவில்லை. இங்கே படிக்க வசதியாக அப்படி எழுதியிருக்கிறேன். ஆனால் உங்கள் வேலைக்கு ஆங்கிலப் பெயரே வையுங்கள், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இந்த எக்ஸ்எம்எல்லைத் தாளோடு இணைப்பது கன்டென்ட் கன்ட்ரோல், அதாவது தாளில் விவரம் நிரப்பும் ஒரு பெட்டி. டெவலப்பர் தாவலில் இருக்கிறது. தொகை வரவேண்டிய இடத்தில் ஒரு கன்ட்ரோலை வைத்து, ‘இது ஒப்பந்தம் என்பதற்குள் இருக்கும் வாடகை’ என்று எக்ஸ்பாத் முகவரி (எக்ஸ்எம்எல்லுக்குள் ஓர் இடத்தைச் சுட்டும் முறை) கொடுத்துவிட்டால் போதும். வாடகை என்ற அந்த ஒரு இடம் 12000 என்று இருந்தால், அதோடு கட்டிய எல்லாக் கன்ட்ரோலிலும் 12000 தெரியும். முதல் பக்கத்தில் ஒருவர் 11500 என்று மாற்றித் தட்டினால் எக்ஸ்எம்எல் மாறும், கையோடு மூன்றாம் பக்கமும் மாறும். இரண்டு திசையிலும் வேலை செய்கிறது என்பதுதான் இதன் பெரிய பலம். தேடி மாற்றும் நிரலில் விவரம் தாளோடு கரைந்துவிடும், பிறகு அதைப் பிரித்தெடுக்க முடியாது. இங்கே விவரம் ஒரே இடத்தில் இருக்கிறது, தாள் அதைக் காட்டுகிறது, அவ்வளவே.

உங்கள் பழைய நிரல் ஏன் சில இடங்களை விட்டுவிட்டது என்பதும் அந்த ஜிப்புக்குள்ளேயே தெரியும். ##வாடகைதாரர்## என்று நீங்கள் ஒரே மூச்சில் தட்டியது உள்ளே ஒரே துண்டாக இருக்காது. நடுவில் ஒருமுறை திருத்தியிருந்தால், எழுத்துப்பிழைச் சோதனை குறுக்கே வந்திருந்தால், பாதிக்கு மட்டும் தடிமன் போட்டு எடுத்திருந்தால், ‘##வாட’ ஒரு துண்டு, ‘கைதாரர்’ ஒரு துண்டு, ‘##’ ஒரு துண்டு என்று மூன்றாகப் பிரிந்து கிடக்கும். கோப்பை நேராகத் திறந்து துண்டு துண்டாகத் தேடும் நிரலுக்கு அந்தச் சொல் கண்ணில் படாது. கன்டென்ட் கன்ட்ரோலில் இந்தத் தொல்லையே இல்லை, முகவரி எழுத்தில் இல்லை, கட்டுப்பாட்டின் பண்பில் இருக்கிறது.

சரி, நிரலுக்கு வருவோம். வேர்டுக்குள்ளேயே விபிஏவில் (வேர்டோடு வரும் நிரல்மொழி) எழுதுவதானால் ஆக்டிவ்டாக்குமென்டில் கஸ்டம்எக்ஸ்எம்எல்பார்ட்ஸ் என்ற தொகுப்பு இருக்கிறது. அதில் ஆட் போட்டால் புதுப் பார்ட் சேரும். கன்ட்ரோலின் எக்ஸ்எம்எல்மேப்பிங்கில் செட்மேப்பிங் என்ற கட்டளை எக்ஸ்பாத், முன்னொட்டு விளக்கம் (இது என்ன என்று பின்னால் வருகிறது), எந்தப் பார்ட் என்ற மூன்றையும் வாங்கிக்கொள்ளும். புதிய வெற்றுக் கோப்பிலேயே இந்தத் தொகுப்பின் எண்ணிக்கை 3 என்று காட்டும், பயப்பட வேண்டாம். தலைப்பு, ஆசிரியர் போன்ற ஆவணப் பண்புகளுக்காக வேர்டே வைத்திருப்பவை அவை. அவற்றை அழிக்க முடியாது.

இங்கேதான் பலரும் சறுக்கும் இடம் வருகிறது. தன் பார்ட்டை நான்காவது பார்ட் என்றோ ஐட்டம்1 கோப்பு என்றோ எண்ணை வைத்துப் பிடிப்பார்கள். நூல் மேற்கோள் பட்டியலுக்கு வேர்டே ஒரு பார்ட் வைக்கும், பல கோப்புகளில் ஐட்டம்1 என்பது அதுதான். ஷேர்பாயின்டில் (மைக்ரோசாஃப்டின் கோப்புப் பகிரும் தளம்) ஏற்றினால் அது தன் பங்குக்குச் சிலதைச் சேர்க்கும். எண் மாறிக்கொண்டே இருக்கும். உங்கள் எக்ஸ்எம்எல்லின் வேர்க் குறிக்கு (எல்லாவற்றையும் சூழ்ந்திருக்கும் ஒப்பந்தம் என்ற குறி) உங்களுக்கே உரிய ஒரு நேம்ஸ்பேஸ், அதாவது மற்றவர் குறிகளோடு கலக்காமல் இருக்க ஒரு தனி அடையாளப் பெயர் கொடுங்கள். எப்போதும் செலக்ட்பைநேம்ஸ்பேஸ் மூலம் மட்டுமே பார்ட்டைத் தேடுங்கள். இந்த ஒரு பழக்கம் பாதித் தலைவலியைக் குறைக்கும்.

நேம்ஸ்பேஸ் வைத்தவுடன் அடுத்த முட்டுக்கட்டை வரும், இதில் நான் ஒரு முழு நாளை இழந்திருக்கிறேன். எக்ஸ்எம்எல்லில் நேம்ஸ்பேஸை முன்னொட்டு இல்லாமல் வேர்க் குறியில் எழுதியிருப்போம். எக்ஸ்பாத்தில் /ஒப்பந்தம்/வாடகை என்று எழுதுவோம். பார்வைக்கு எல்லாம் சரி, ஆனால் எதுவும் கிடைக்காது, பிழைச் செய்தியும் தெளிவாக இருக்காது. எக்ஸ்பாத்துக்கு முன்னொட்டு இல்லாத பெயர் என்றால் நேம்ஸ்பேஸே இல்லாத பெயர் என்று பொருள். ஆகவே க என்று ஒரு முன்னொட்டை அந்த நேம்ஸ்பேஸுக்குக் கட்டி, /க:ஒப்பந்தம்/க:வாடகை என்று ஒவ்வொரு படியிலும் எழுத வேண்டும். எக்ஸ்எம்எல்லில் அந்த முன்னொட்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பொருந்த வேண்டியது நேம்ஸ்பேஸ்தான். செட்மேப்பிங்கில் முன்னொட்டு விளக்கத்தைக் கூடவே கொடுக்கிறோம். செலக்ட்சிங்கிள்நோடு வழியாகப் படிப்பதானால் அதற்கு முன் பார்ட்டின் நேம்ஸ்பேஸ்மேனேஜரில் முன்னொட்டைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு பிழை இதைவிட மோசம், ஏனென்றால் அது நிரல் ஓடும்போது எந்தச் சத்தமும் போடாது. ஒரு அலுவலகத்தில் கோப்பைத் திறக்கும்போதெல்லாம் விவரத்தைப் புதுப்பிக்க ஒரு நிரல் எழுதி வைத்திருந்தார்கள். விவரத்தை மாற்றினால் திரையில் மாறவில்லை என்று என்னிடம் வந்தது. ஜிப்பைத் திறந்து பார்த்தால் கஸ்டம்எக்ஸ்எம்எல் கோப்புறையில் ஒரே நேம்ஸ்பேஸோடு வரிசையாகப் பார்ட்டுகள். ஒவ்வொரு முறையும் நிரல் தேடிப் பார்க்காமல் ஆட் போட்டிருக்கிறது. கன்ட்ரோல்கள் கட்டப்பட்டிருந்ததோ முதல் பார்ட்டோடு. புது விவரம் கடைசிப் பார்ட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. எனவே ஆட் போடுவதற்கு முன் அந்த நேம்ஸ்பேஸில் எத்தனை பார்ட் இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒன்றும் இல்லை என்றால் மட்டும் சேருங்கள். ஒன்று இருந்தால் அதற்குள் இருக்கும் நோடின் (வாடகை போன்ற ஒரு குறியின்) டெக்ஸ்டை மாற்றுங்கள். இரண்டு இருந்தால் நிரல் அங்கேயே நின்று சொல்லட்டும், ஊகித்து மேலே போக வேண்டாம்.

பார்ட்டை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவது சுலபம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் பழைய பார்ட்டோடு கட்டியிருந்த கன்ட்ரோல்களை மறுபடி கட்ட வேண்டிவரலாம். நோடாக மாற்றுவதில் இன்னொரு லாபமும் உண்டு. கடைப் பெயர் ஏதாவது ஒன்றில் & என்ற எழுத்து வந்தால், சரம் சரமாகக் கோத்து எக்ஸ்எம்எல் தயாரிக்கும் நிரல் அங்கேயே உடையும். நோடின் டெக்ஸ்டாகக் கொடுத்தால் அதைப் பொருத்தமாக மாற்றி எழுதுவது வேர்டின் வேலை.

குறிப்பெயர்களை ஆங்கிலத்தில் வைக்கச் சொன்னதன் காரணம் இப்போது. விபிஏ எழுதும் சாளரம் யூனிகோடு அறியாதது. அதில் தமிழில் தட்டினால் வரிசையாகக் கேள்விக்குறிதான் வரும். எண்ணை எழுத்தாக்கும் சிஎச்ஆர்டபிள்யூ கட்டளையில் ந எழுத்துக்கு 2984 என்று எண் எண்ணாகக் கோக்கலாம்தான், ஆனால் ஆறு மாதம் கழித்து அந்த நிரலை நீங்களே படிக்க முடியாது. நிரலுக்குள் தமிழே வராமல் பார்த்துக்கொள்வது நல்லது. குறிப்பெயர்கள் ஆங்கிலத்தில் இருக்கட்டும், தமிழ் விவரங்கள் யூடிஎஃப்-8இல் சேமித்த ஒரு எக்ஸ்எம்எல் கோப்பில் இருக்கட்டும். வெற்றுப் பார்ட் ஒன்றைச் சேர்த்து, லோடு கட்டளையால் அந்தக் கோப்பை நேராக ஏற்றினால் தமிழ் எழுத்து சிதையாமல் வந்துவிடும். விவரங்கள் எக்செலில் இருந்தால் அந்தக் கட்டத்திலிருந்து நேராக நோடுக்குக் கொடுங்கள், அதுவும் சிதையாது.

பழைய தரவு பாமினி, வானவில் போன்ற எழுத்துரு வழித் தமிழில் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். எக்ஸ்எம்எல்லுக்குள் எழுத்துரு என்ற ஒன்று கிடையாது, எழுத்து மட்டும்தான் போகும். பாமினியில் தட்டிய பெயர் அங்கே புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் இருக்கும், பிறகு எக்செலுக்கு எடுத்தாலும் அப்படியே வரும்.

கன்ட்ரோல் வகைகளில் சிலவற்றுக்கு மட்டும் தனிக் கவனம் தேவை. தேதிக்குத் தேதி கன்ட்ரோலே வையுங்கள். எக்ஸ்எம்எல்லில் 2025-11-30 என்று தொடங்கும் வடிவில் இருக்கும், தாளில் 30-11-2025 என்று காட்டும், முடியும் தேதி வாரியாக அடுக்கும்போது இது பெரிய உதவி. தேர்வுப் பட்டியல் கன்ட்ரோலில் தாளில் தெரிவது வேறு, எக்ஸ்எம்எல்லில் சேர்வது வேறு. ‘வணிகப் பயன்பாடு’ என்று தெரிய வைத்து உள்ளே வெறும் ‘வ’ என்று சேமிக்கலாம். வீட்டில் ஒப்படைக்கும் பொருட்களின் பட்டியல் (மின்விசிறி 3, டியூப்லைட் 4, கீசர் 1 என்று போடுவீர்களே) அதற்கு 2013இல் வந்த ரிபீட்டிங் செக்ஷன் இருக்கிறது. தாளில் ஒரு வரியைக் கூட்டினால் எக்ஸ்எம்எல்லில் ஒரு பொருள் கூடும், எக்ஸ்எம்எல்லில் நாலு பொருள் இருந்தால் தாளில் நாலு வரி வரும்.

ஒரு விவரம் காலியாக இருந்தால் அந்தக் கன்ட்ரோலில் ‘இங்கே சொடுக்கவும்’ என்ற சாம்பல் எழுத்து வந்துவிடும், அது அச்சிலும் விழும். முத்திரைத் தாளில் அச்சான பிறகு இதைக் கவனித்தால் தாள் வீண். காலியாக வர வாய்ப்புள்ள இடங்களில் அந்தச் சாம்பல் எழுத்தை முன்கூட்டியே ஒரு வெற்றிடமாக மாற்றி வையுங்கள்.

தொகையை எழுத்தால் எழுதுவதும் உங்களுக்கு வேண்டியிருக்கும். 11500 என்று மாறினால் ‘பதினோராயிரத்து ஐந்நூறு’ தானாக மாறாது, வேர்டு கணக்குப் போடுவதில்லை. எழுத்தால் என்பதற்குத் தனி நோடு வைத்து, நோட்ஆஃப்டர்ரிப்ளேஸ் என்ற நிகழ்வைப் பிடித்து, தொகை மாறும்போது அந்த நோடையும் உங்கள் நிரல் மாற்ற வேண்டும். அந்த நிகழ்வு இன்அன்டூரீடூ என்று ஒரு விவரம் தரும். அது ஆம் என்று வந்தால் எதையும் தொடாமல் வெளியேறிவிடுங்கள். பயனர் அன்டூ போட்டுப் பின்வாங்கிக்கொண்டிருக்கும் நேரம் அது, அப்போது நாம் குறுக்கே எழுதினால் வேர்டின் பின்வாங்கும் வரிசை குழம்பிவிடும். அப்புறம், தொகையை மாற்றும் இடம் முதல் பக்கத்தில் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும், மற்ற கன்ட்ரோல்களுக்கு உள்ளடக்கப் பூட்டுப் போட்டுவிடுங்கள். பூட்டியிருந்தாலும் எக்ஸ்எம்எல் வழியாக வரும் மாற்றம் உள்ளே போகும், கையால் மட்டும் தட்ட முடியாது.

வேர்டுக்கு வெளியே இருந்து செய்வதானால் டாட்நெட்டில் ஓப்பன் எக்ஸ்எம்எல் எஸ்டிகே, ஜாவாவில் டாக்எக்ஸ்4ஜே இரண்டும் நன்றாக வேலை செய்பவை. சர்வரில் வேர்டையே ஆள் இல்லாமல் ஓட விடாதீர்கள், அதை மைக்ரோசாஃப்டே ஆதரிப்பதில்லை. பைத்தானில் ஜிப்ஃபைல், எல்எக்ஸ்எம்எல் இரண்டும் போதும். ஜிப்ஃபைலில் உள்ளிருக்கும் ஒரு கோப்பை இருந்த இடத்திலேயே மாற்ற முடியாது. எல்லாவற்றையும் புது ஜிப்புக்கு நகலெடுத்து, உங்கள் ஐட்டத்தை மட்டும் மாற்றி எழுத வேண்டும்.

இந்த வழியில் ஒன்றைக் கண்டிப்பாக நினைவில் வையுங்கள். ஐட்டம் கோப்பில் வாடகையை 11500 என்று மாற்றுகிறீர்கள். வேர்டில் திறந்தால் கன்ட்ரோல்கள் எக்ஸ்எம்எல்லைப் பார்த்துத் தம்மைப் புதுப்பித்துக்கொள்ளும், எல்லாம் சரியாகத் தெரியும். ஆனால் டாக்குமென்ட் எக்ஸ்எம்எல்லில் அந்தக் கன்ட்ரோலுக்குள் பழைய 12000 இன்னும் எழுத்தாக உட்கார்ந்திருக்கிறது. வேர்டு வழியாகப் போகாமல் பிடிஎஃப் ஆக்கும் கருவி, மின்னஞ்சலில் வரும் முன்னோட்டம், தேடுபொறி இவற்றில் பல அந்தப் பழைய எழுத்தைத்தான் படிக்கும். நீங்கள் 11500 என்று பார்த்து அனுப்பியதை எதிராளி 12000 என்று கைப்பேசியில் பார்ப்பார். ஒப்பந்தத்தில் இது சின்ன விஷயம் இல்லை. வெளியிலிருந்து மாற்றினால் இரண்டு இடத்திலும் மாற்றுங்கள், இல்லையென்றால் ஒருமுறை வேர்டில் திறந்து சேமித்த பிறகே அனுப்புங்கள்.

திரும்ப எடுப்பது இதைவிட எளிது. கோப்புறையில் உள்ள ஒவ்வொரு டாக்எக்ஸையும் ஜிப்பாகத் திறந்து, கஸ்டம்எக்ஸ்எம்எல்லுக்குள் இருக்கும் ஐட்டங்களின் வேர்க் குறியைப் பார்த்து, உங்கள் நேம்ஸ்பேஸ் உள்ளதில் வாடகை, முன்பணம், முடிவு மூன்றையும் எடுத்து ஒரு சிஎஸ்வியில் (எக்செலில் திறக்கும் எளிய பட்டியல் கோப்பு) எழுதினால் வேலை முடிந்தது. வேர்டே தேவையில்லை. ஆனால் போன வருடம் தேடி மாற்றும் முறையில் போட்ட ஒப்பந்தங்களுக்கு இது உதவாது. அவற்றில் விவரம் தனியாக இல்லவே இல்லை. அவற்றை ஒருமுறை கையால்தான் பதிவு செய்ய வேண்டும். இந்த மாதம் முதல் போடுபவற்றைப் புது முறையில் போடத் தொடங்கிவிடுங்கள், 11 மாத ஒப்பந்தம் என்பதால் ஒரு வருடத்துக்குள் பெரும்பாலானவை புதுப்பிக்க வரும்போது தாமாகவே இதற்குள் வந்துவிடும். பழைய டாக் வடிவில் மட்டும் சேமித்துவிடாதீர்கள், அதில் கன்ட்ரோல்கள் வெறும் எழுத்தாகிவிடும்.

கடைசியாக, எனக்கு நடந்த ஒன்று. மாதிரிக் கோப்பைப் புதிதாகச் செய்யச் சோம்பல்பட்டு, ஒரு வாடிக்கையாளருக்குப் போட்ட கோப்பையே நகல் எடுத்து மாதிரியாக வைத்துக்கொண்டேன். தாளில் தெரிந்த பெயர், தொகை எல்லாம் மாறின. ஆனால் எக்ஸ்எம்எல்லில் பான் எண்ணுக்கு ஒரு நோடு இருந்தது, அந்த ஒப்பந்தத்தில் அது எந்தக் கன்ட்ரோலோடும் கட்டப்படவில்லை. தாளில் தெரியாததால் நான் கவனிக்கவில்லை. முதல் வாடிக்கையாளரின் பான் எண்ணைச் சுமந்துகொண்டு பல கோப்புகள் வேறு ஆட்களுக்குப் போய்விட்டன. தெரிந்த அன்றே ஒவ்வொருவரையும் கூப்பிட்டுச் சொல்லி, கோப்பை மாற்றி அனுப்பினேன். இன்றும் நினைத்தால் மனம் கூசுகிறது.

அதனால் மாதிரிக் கோப்பின் எக்ஸ்எம்எல்லில் எல்லா நோடும் காலியாக இருக்கிறதா என்று ஜிப்பைத் திறந்து உங்கள் கண்ணால் பாருங்கள். தாளில் வராத விவரத்தை உள்ளே வைக்காதீர்கள். வெளியாருக்கு அனுப்பும் பிரதியில் டாக்குமென்ட் இன்ஸ்பெக்டரை ஓட்டி கஸ்டம் எக்ஸ்எம்எல் தரவை நீக்கிவிடலாம், தாளில் இருக்கும் எழுத்து அப்படியே நிற்கும். ஆனால் நீக்கிய பிரதியிலிருந்து பிறகு எதையும் எடுக்க முடியாது, ஆகவே மூலத்தை உங்கள் கோப்புறையில் தனியாக வைத்துக்கொண்டு, நகலில் மட்டும் இதைச் செய்யுங்கள்.